பொருளின் விவரம்

உறைபனி விழுந்து கொழுந்து கருகிய தை மாதம்.
குன்னூர் மார்க்கெட் படியேறி வந்து
ஒரசோலை ஹாலம்மா
சேட்டுக் கடைப் பலகையில் அவிழ்த்தது
கம்மல் இல்லை, கொலுசு இல்லை.
மப்ளரில் சுற்றிய ஒரு டீ கிளாஸ்.
கிளாஸுக்கு ஒரு வெள்ளிச் சட்டை.
சட்டைக்கு ஒரு கைப்பிடி.

பதினெட்டு வருஷம் இந்தத் தராசுக்குப் பின்னால் நான்.
அரைஞாண், பால் சங்கு, காமாட்சி விளக்கு,
ஊட்டிக் குதிரைப் பந்தயத்தில் யாரோ ஜெயித்த கோப்பை,
எல்லாவற்றுக்கும் ரசீதில் எழுதப் பெயர் உண்டு.
இதற்கு வரவில்லை.

வெள்ளியின் மேல் முறுக்குக் கம்பியால் வரப்பு கட்டி
வரப்புக்குள் நிறம் பாய்ச்சியிருந்தான் எவனோ.
மயில்கழுத்து நீலம். தயிர் வெள்ளை.
பாதி பழுத்த காப்பிப் பழத்தின் சிவப்பு.
கண்ணாடியைப் பொடித்து, நனைத்து, அப்பி
உலையில் உருக்கிய நிறம்.
உருகியதும் அமுங்கிப் போகும்;
மறுபடி அப்ப வேண்டும், மறுபடி சுட வேண்டும்.
ஓர் இதழில் மட்டும்
கடைசிச் சூட்டில் குமிழி உடைந்து
ஊசிமுனையளவு பள்ளம்.
அதைத்தான் முதலில் பார்த்தேன்.
குறை பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

அடியில் முத்திரை.
லென்ஸை ஊதித் துடைத்தேன்
(இந்த ஊரில் மஞ்சு கடைக்குள்ளும் வந்து உட்காரும்).
நெற்றிக்கு மேல் எதையோ உயரமாகச் சூடிய
ஒரு பெண் தலை, இடப்பக்கம் பார்த்தபடி.
பக்கத்தில் எண்: 84.

"செஞ்ச வருஷமா?" என்றார் தேவிசந்த் சேட்டு.
இல்லை, ருஷ்யாவின் பழைய கணக்கு.
தொண்ணூற்றாறு பங்கில் எண்பத்து நாலு வெள்ளி.
நம் வாய்ப்பாட்டில் முக்காலே அரைக்கால்.
பொன்னாக இருந்தால்
எட்டே முக்கால் மாற்று என்றிருப்பேன்.
மிச்சம் அரைக்கால் செம்பு.
அது சேராவிட்டால்
கைப்பிடி எப்போதோ வளைந்திருக்கும்.

"ஏலக் கம்பெனியில
டீ ருசி பாக்குற மேசைக்கு
கெட்டில் கொதிக்க வைக்கிற வேலை அவருக்கு.
வாங்க வந்த ருஷ்யாக்காரர், இக்னாத்துன்னு பேரு,
எங்க பாட்டியோடதுன்னு சொல்லிக் குடுத்தார்.
அடுத்த வருஷம் ஆளைக் காணோம்.
அந்த நாடே இல்லைன்னாங்க."
சொல்லிவிட்டு ஹாலம்மா
கடிகாரத்தைப் பார்த்தாள்.
கோத்தகிரி பஸ் மூணே காலுக்கு.

நூற்று எழுபத்திரண்டு கிராம்.
"எனாமல் கழி" என்றார் சேட்டு.
கல்லுக்குக் கழிக்கிறோம், அரக்குக்குக் கழிக்கிறோம்,
தாலிக் கயிற்றின் அழுக்குக்கும் கழித்ததுண்டு.
நீலம் எத்தனை கிராம்?
சுரண்டாமல் யார் சொல்ல முடியும்?
வாய்க்கு வந்ததைச் சொன்னேன், இருபது.
சேட்டு முப்பது என்றார்.
முப்பதுக்கே பேனா இறங்கியது.

பொருளின் விவரம் என்ற கட்டத்தில்:
வெள்ளி டம்ளர் கூடு, பூ வேலை, ஒன்று.
சேதம்: இதழில் புள்ளி.

பணத்தை இரண்டு தரம் எண்ணினாள்.
கையெழுத்துப் போட்டாள்.
பிறகு கூட்டுக்குள்ளிருந்து
கிளாஸை மட்டும் உருவி எடுத்தாள்.
"இதுக்கு நீங்க காசு தரல இல்ல?
பழைய கிளாஸு எப்பவோ ஒடைஞ்சுது.
இது பஸ் ஸ்டாண்டு பீரான் கடையில கேட்டு வாங்கினது.
அளவெடுத்த மாதிரி உக்காந்துது."
மப்ளரில் சுற்றிக்கொண்டு
படியிறங்கிப் போனாள்.

நானூற்றுப் பதினொன்றாம் நம்பர் உறைக்குள்
இரும்புப் பெட்டியில் வெறுங்கூடு.
இருட்டில் அவள்
இன்னும் இடப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடை சாத்திப் பீரானிடம் ஒரு ஸ்ட்ராங் சொன்னேன்.
அதே கிளாஸ். வரி வரியாக, தடித்த அடி.
விளிம்பை இரண்டு விரலில் பிடித்துப் பார்த்தேன்.
கர்ச்சீப்பால் பிடித்துப் பார்த்தேன்.
விரல் பக்கவாட்டில் எதையோ துழாவியது.
சூடு தாங்காமல் கை மாற்றினேன்.
மறுபடி மாற்றினேன்.